ஆற்றைக் கடக்காதவன்

நவ்ஸமின்,
அக்டோபர் 9, 2001

என் மகன் அசோமுக்கு,

உன் தாய் ஜுலைகோவின் சலாம். இங்கே கழுதையைத் தவிர எல்லோரும் நலம். அதற்குப் பின்னங்கால் வீங்கியிருக்கிறது. வேலை தேடிப் போன அந்த வெளிநாட்டுக் குளிரில் நீ நலமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை தொலைபேசியில் "கையெழுத்துப் போட்டுரும்மா, அதுல என்ன இருக்கு" என்று சொன்னாய். அதோடு சத்தம் நின்றுவிட்டது. லைன் அறுந்துபோச்சு என்று தபால் நிலையப் பெண் சொன்னாள். லைன் அறுந்தால் ஒரு சத்தம் வரும், ஆள் வைத்தால் வேறொரு சத்தம் வரும். ஆறு வருடமாக உன்னோடு அந்தப் பெட்டிக்குள் நின்று பேசுகிறேன், எனக்கு இரண்டும் தெரியும். அங்கே வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் நம் பேச்சைக் கேட்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். உன் அண்ணி மோஹ்ருவிடம் சொல்லி எழுதச் சொல்லவில்லை. என் எழுத்து நான்காம் வகுப்பு எழுத்து. கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

நீ அனுப்பிய கோட்டு வந்தது. பொத்தான் ஒன்று குறைகிறது. உன் அண்ணன் மகள் சபோகத் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், கணக்கில் கெட்டி. உன் சித்தி என் செப்புப் பானையை இன்னும் திருப்பித் தரவில்லை. இருபத்தேழு வருடம் ஆகிறது. கேட்டால் எந்தப் பானை என்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மேல் தெருவில் நஸ்ருல்லோ என்று கணக்கு வாத்தியார் இருக்கிறார். மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர், இரண்டு குழந்தைகள். மோஹ்ருவைக் கேட்டுப் பெரியவர்களை அனுப்பினார். நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று உனக்குக் கோபம் வரலாம். அவள் ஒன்பது வருடமாக மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. துக்கத்துக்கு நீல உடை உடுத்தவும் முடியவில்லை, கல்யாண வீட்டில் புருவத்துக்கு மை இடவும் முடியவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருந்தவளிடம் உன் அண்ணன் ஹிக்மத் திரும்பி வரவில்லை. அவளுக்கு இப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. நான் அவளை எத்தனை நாள் என் அடுப்படியில் பூட்டிவைப்பேன்?

முதல் கணவன் இறந்தான் என்று அலுவலகத் தாளில் இருந்தால்தான் நிக்காஹ் ஓதுவேன் என்று முல்லா சொல்லிவிட்டார். அதற்காக வட்ட அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருக்கிற எழுத்தர் சின்ன வயதுக்காரன், மரியாதையானவன், நாற்காலி போட்டான். படிவத்தை எனக்காக ஏற்கெனவே நிரப்பிவைத்திருந்தான். "இங்க ஒரு கையெழுத்து போதும் பாட்டி, நீதிமன்றத்துல ஒரு மாசத்துல முடிஞ்சிரும்" என்றான். நான் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அவன் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தான். அதில் இருந்தது இது: தன் சொந்த விருப்பத்தின் பேரில் வீட்டை விட்டு வெளியேறி, ஆற்றைக் கடந்து அண்டை நாட்டுக்குச் சென்றார்; அதன் பின் தகவல் இல்லை.

இது என் மகனின் கதை இல்லை என்றேன். எல்லோருக்கும் இதுதான் எழுதுகிறோம் என்று, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, மற்றப் படிவங்களையும் எடுத்துக் காட்டினான். பதினொன்று. பதினொன்றிலும் அதே வரி, பெயர் மட்டும் வேறு. அதில் ஒருவர் நம் பண்ணையின் கணக்கர், ஒரு கால் இல்லாதவர், நினைவிருக்கிறதா? அவரும் சொந்த விருப்பத்தில் ஆற்றை நீந்திக் கடந்தாராம்.

"பிடிச்சுக்கிட்டுப் போனாங்கன்னு எழுதுப்பா" என்றேன். அப்படி எழுத நேரில் பார்த்த சாட்சி இரண்டு பேர் வேண்டும், இல்லாவிட்டால் விசாரணை என்று தாள் அலமாரிக்குள் போய்விடும், எப்போது வெளியே வரும் என்று அவனாலும் சொல்ல முடியாது என்றான். நான் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மோஹ்ரு தண்ணீர் எடுத்துவந்தாள், வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "செத்தவருக்கு நியாயம் கேக்குறீங்க மாமி, கேளுங்க. உசுரோட ஒருத்தி இங்க நிக்கிறேனே, நான் உங்க கண்ணுல படுறேனா?" நான் அந்த வாளியை எடுத்துக்கொண்டு கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

அசோம், ஹிக்மத்தின் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் மலையூரான சஃபேதோப் என்று ஏன் இருந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அரசாங்கம் நம்மை மலையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இந்தப் பருத்திக் காட்டில் இறக்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில்தான் பெற வேண்டும் என்பது நம் வழக்கம். பாதை பனியில் மூடிக்கிடக்கிறது, இங்கேயே பெற்றுக்கொள் என்று என் மாமியார் சொன்னாள். அவள் சொன்னாள் என்பதற்காகவே நான் போனேன். சுமை ஏற்றுகிற வண்டியில், ஒன்பதாம் மாதத்தில் போனேன். பேரன் பிறந்த சந்தோஷத்தில் என் அப்பா, மலையூர் பதிவேட்டில் தன் பெயரையே அவனுக்குக் குடும்பப் பெயராக எழுதிவைத்துவிட்டார். அதற்காக மாமியார் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு அந்த வழக்கம் கிடையாது. நீ இங்கேயே, நவ்ஸமின் மருத்துவமனையில் பிறந்தாய்.

உள்நாட்டுச் சண்டை நடந்த அந்தக் குளிர்காலத்தில், மலைக்காரர்களைத் தேடிப் பிடித்த துப்பாக்கிக்காரர்கள் பாஸ்போர்ட்டில் படித்தது அந்த ஒரே ஒரு வரியைத்தான். மாமியார் சொன்னது ஒரே ஒரு முறை சரியாக இருந்தது, அன்றைக்குத்தான் நான் கேட்கவில்லை. நான் யார் யார் மேல் வன்மம் வைத்திருக்கிறேன் என்று ஊருக்கே தெரியும். அதில் முதல் பெயர் என்னுடையது என்பது யாருக்கும் தெரியாது.

அவனை இறக்கிக்கொண்டுபோன பேருந்தில் நீயும் இருந்தாய். மாவு வாங்க நீங்கள் இருவரும் சேர்ந்து போனீர்கள், நீ மட்டும் வந்தாய். முதலில், அவர்கள் வழிமறித்த பாலத்துக்கு முன்னாலேயே சிறுநீர் கழிக்க இறங்கிவிட்டேன், அதற்குள் கூட்டிப்போய்விட்டார்கள் என்றாய். பிறகு நாம் அகதிகளாகக் கூடாரத்தில் இருந்தபோது, பின் இருக்கையில் தூங்கிவிட்டேன் என்றாய். நான் இரண்டையும் கேட்டுக்கொண்டேன். எது என்று இப்போதும் கேட்கவில்லை. நீ வந்து நின்று, பிடித்துக்கொண்டு போனார்கள் என்று மட்டும் சொன்னால் ஒரு சாட்சி ஆகிவிடும். இன்னொன்றை நான் தேடிக்கொள்கிறேன்.

முதுகில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள்.

உன் தாய்,
ஜுலைகோ


நவ்ஸமின்,
நவம்பர் 4, 2001

மகனே அசோம்,

சலாம். கடிதத்தை உன் கையில் கொடுத்ததாகவும், நீ நின்றபடியே படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டதாகவும் கொண்டுபோனவர் சொன்னார். பதில் எதுவும் கொடுத்துவிடவில்லை. சரி.

இங்கே ஒன்று நடந்திருக்கிறது. நீ உட்கார்ந்து படிக்க வேண்டும்.

சஃபராலி வீட்டுக்கு வந்தான். ஆமாம், நம் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவன், என் அடுப்பு ரொட்டியை நிறையத் தின்றவன், அந்தக் குளிர்காலத்தில் கையில் துப்பாக்கிக்காரர்களின் பட்டை கட்டிக்கொண்டு பாலத்தில் நின்றவன். இப்போது மாவு ஆலை வைத்திருக்கிறான். விருந்துகளில் அவனைத்தான் மேலிடத்தில் உட்காரவைக்கிறார்கள். நான் அவன் ஆலைக்குப் போவதில்லை. கோதுமையைக் கழுதை மேல் போட்டு இரண்டு மணி நேரம் நடந்து பக்கத்து ஊரில் அரைக்கிறேன். கழுதையின் கால் வீங்கியது அதனால்தான் என்று மோஹ்ரு சொல்கிறாள். இருக்கலாம்.

வந்தவனை வாசலில் நிறுத்தக் கூடாது. விரிப்பைப் போட்டேன், ரொட்டியை வைத்தேன். ஆனால் விருந்தாளிக்குச் செய்வதுபோல் பிய்த்து வைக்கவில்லை. அவன் அந்த முழு ரொட்டியைப் பார்த்தான். புரிந்துகொண்டான். மோஹ்ரு தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதவோரமாகப் போய் நின்றாள்.

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லையாமே அக்கா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அவனுடைய ஆலையில் மாவைவிடச் செய்திதான் அதிகம் அரைபடுகிறது போல என்றேன். அவன் சிரிக்கவில்லை. சண்டை முடிந்து எத்தனையோ வருடம் ஆயிற்று, இரண்டு பக்கத்துக்கும் மன்னிப்பு என்று சட்டமே வந்துவிட்டது, இப்போது கிளறினால் யாருக்கு லாபம் என்று கேட்டான். அவன் குரலில் மிரட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. அது எனக்குப் புதிதாக இருந்தது.

"சட்டம் உன்னை மன்னிச்சிருச்சு, சரி. உன்னை ஜெயிலுக்குப் போன்னு நான் சொல்லல. என் மகன் ஆத்தைக் கடக்கலன்னு எழுதணும். அவ்வளவுதான்."

தேநீர் ஆறி மேலே ஆடை படிந்துவிட்டது. பிறகு ஆரம்பித்தான். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் ஞாபகத்தைப் பற்றி உனக்குத் தெரியும்.

பேருந்துக்குள் ஏறிய தலைவன் வெளியூர்க்காரனாம், நம்மில் யாரையும் அறியாதவன். சஃபராலி அவனுக்குப் பின்னால் படியில் நின்றானாம். ஹிக்மத்தின் பாஸ்போர்ட்டில் சஃபேதோப் என்று பார்த்ததும் எழுந்து வரச் சொன்னார்கள். பக்கத்தில் நீ. உன்னிடம் தொழிற்பள்ளி அட்டைதான் இருந்தது. அதில் நவ்ஸமின் என்று இருந்தது, குடும்பப் பெயரும் வேறு. இந்தப் பையன் யார் என்று தலைவன் ஹிக்மத்தைக் கேட்டான். தெரியாது, வழியில் ஏறினவன் என்று ஹிக்மத் சொன்னான். பிறகு உன்னைக் கேட்டான், இவன் உனக்கு யார் என்று. நீயும் யாருமில்லை என்று சொன்னாய். ஹிக்மத் உன்னைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

அதற்கு மேல் சஃபராலி சொன்னது இது: "ரெண்டு பேரும் உங்க பிள்ளைங்கன்னு எனக்குத் தெரியும் அக்கா. நான் வாயைத் தொறந்திருந்தா ரெண்டும் போயிருக்கும். தொறக்கல."

அவன் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்ததாக ஒன்பது வருடமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் சொன்னது பொய்யும் இல்லை. அதுதான் கஷ்டம். ஒரு மனிதனை முழுதாக வெறுப்பது எவ்வளவு வசதியானது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த வசதி போய்விட்டது. அவன் மேல் எனக்கு இருந்த வெறுப்பு கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் முன்னைப்போல் நேராக நிற்கவில்லை.

எங்கே என்று கேட்டேன். பஞ்சாலைக்குப் பின்னால், கால்வாய் மேட்டில் என்றான். அவன் கையில் இருந்த துப்பாக்கி வெடித்ததா என்று கேட்டேன். இல்லை என்றான். நான் நம்பினேனா என்று என்னைக் கேட்காதே.

பிறகு சொன்னேன், ஒருத்தனுக்காக மூடின வாயை இன்னொருத்தனுக்காக இப்பொழுது திற என்று. நீதிமன்றத்துக்கு வா, என்னிடம் சொன்னதைச் சொல், உன் பெயரைச் சொல்லாமல் வேண்டுமானாலும் சொல் என்றேன். அவன் எழுந்துவிட்டான். வாசல்வரை போய்த் திரும்பி நின்றான். "நான் தனியா நின்னா, செஞ்சவனே வந்து சொல்றான்னு ஆகும். உங்க சின்னவன் வந்து நிக்கட்டும். அவன் நின்னா நானும் வந்து நிக்கிறேன். இது என் பிள்ளைங்க மேல சத்தியம்" என்றான்.

அவன் போன பிறகு மோஹ்ரு விரிப்பை மடித்தாள். அந்த முழு ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்தாள். அவளுக்குத் தன் கணவன் கடைசியாகப் பேசிய வார்த்தை அன்றுதான் கிடைத்தது. மறுநாள் காலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், நஸ்ருல்லோவின் வீட்டுக்குத் தானே நடந்துபோனாள். இப்படி ஒரு பெண் மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போனதை இந்த ஊர் பார்த்ததில்லை. சித்தி அதை இதற்குள் நாலு தெருவுக்குக் கொண்டுபோயிருப்பாள். மோஹ்ரு அவரிடம், தாள் சரியாக எழுதப்படும் வரை காத்திருக்க முடியுமா, முடியாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாளாம். மார்ச்சில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டு வரை காத்திருக்கிறேன் என்றாராம் அவர். திரும்பி வந்து என்னிடம், "இனிமே அவங்க கொடுக்கிற தாள்ல நீங்க கையெழுத்துப் போட்டா மாமி, நான் உங்களோட பேசமாட்டேன்" என்றாள்.

அசோம், இப்போது உன் விஷயம்.

நீ என் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் இவ்வளவு தூரம் போனாய் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு முறையாவது வந்திருக்கலாம், வேலை விடவில்லை என்றாய். நானும் நம்புவதுபோல் இருந்தேன். உன் அண்ணன் முதலில் சொன்னான். அவன் சொன்னதைத்தான் நீ திருப்பிச் சொன்னாய். பெரியவன் பேச்சைக் கேள் என்றுதான் உன்னை வளர்த்தேன். நான் அந்தப் பேருந்தில் இருந்திருந்தால் உன் தொடையைக் கிள்ளி அதையேதான் சொல்லச் சொல்லியிருப்பேன்.

இதை ஒரு முறைதான் எழுதுவேன். மறுபடி எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது.

உன் தாய்,
ஜுலைகோ


நவ்ஸமின்,
நவம்பர் 23, 2001

அசோமுக்கு,

நீதிமன்றத்தில் நாள் கொடுத்துவிட்டார்கள். டிசம்பர் மாதம் 18, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. படிவத்தில் இருந்த வரியை எழுத்தர் தன் கையால் அடித்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான். அப்படிச் செய்ததற்கு மேலே இருப்பவர்கள் அவனைத் திட்டியதாகக் கேள்வி. கையெழுத்துப் போட்ட பதினொரு வீட்டிலும் போய்ப் பேசினேன். எட்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சொன்னாலும் பிறகு சொல்வேன். மூன்று பெண்கள் அன்றைக்கு வந்து பின் வரிசையில் உட்கார்வதாகச் சொன்னார்கள். கணக்கரின் மனைவி அதில் ஒருத்தி. உங்கள் தாள் மாறினால் எங்கள் தாளையும் மாற்றக் கேட்போம் என்கிறாள். ஆகையால் இது நம் வீட்டு விஷயம் மட்டும் இல்லை, தெரிந்துகொள்.

நானும் மோஹ்ருவும் பஞ்சாலைக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். மேட்டில் யாரோ முலாம்பழம் போட்டிருக்கிறார்கள். கொடி காய்ந்து கிடந்தது. எந்த இடம் என்று தெரியவில்லை. அதனால் மேடு முழுவதற்கும் சேர்த்து ஓதினேன். மோஹ்ரு வீட்டுக்கு வந்ததும் நீல உடையை எடுத்து உடுத்திக்கொண்டாள். சபோகத் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. படுக்கப் போகும்போது என்னிடம், அப்பா இறங்கும்போது கோட்டு போட்டிருந்தாரா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, உன் சித்தப்பாவுக்குத் தெரியும் என்றேன்.

ரயில் நாலு நாள் ஓடும். எல்லையில் உன்னை இறக்கிக் கேள்வி கேட்டால் தாய்க்கு முடியவில்லை என்று சொல். அது பொய் இல்லை, எனக்கு முழங்கால் வலி இருக்கிறது. ஊருக்கு வந்தால் யாராவது ஏதாவது செய்துவிடுவார்களோ என்ற பயமும் உனக்கு இருக்கும். பேருந்து நிலையத்திலிருந்து நானும் மோஹ்ருவும் உன்னைக் கூட்டிவருவோம். சஃபராலியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனோடு ஒரே தெருவில் நடப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று நீ நினைத்துப் பார். நான் நடக்கிறேன் என்றால் நீயும் நடக்கலாம்.

அங்கே என்னென்ன கேட்பார்கள் என்று எழுத்தரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நீதிபதி பெண்மணியாம், அதட்டிப் பேசுகிறவர் இல்லையாம். முதலில் உன் பெயர், வயது, ஊர். அதற்கு அடுத்த கேள்வி எல்லாச் சாட்சிக்கும் ஒன்றுதானாம், ஹிக்மத் உனக்கு என்ன உறவு என்பது. அந்த இடத்தில் உனக்குக் குரல் வராமல் போகலாம். அவசரம் இல்லை. தண்ணீர் குடி. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன், என்னைப் பார்த்துச் சொல். அதை மட்டும் சொல்லிவிட்டால் போதும். மீதியை நீ சொல்ல முடிந்தால் சொல், முடியாவிட்டால் சஃபராலி சொல்லட்டும்.

கடவுளிடம் நான் பலரைப் பற்றி, இவர்களை மன்னிக்காதே என்று கேட்டிருக்கிறேன். உன் பெயரை அந்தப் பேச்சில் ஒரு நாளும் எடுத்ததில்லை. என் இரண்டு கைகளையும் விரித்து உனக்காகக் கேட்கிறேன்: வழி உனக்கு விரியட்டும், பனி விலகட்டும், வாசலில் நீ நிற்பதை என் கண் பார்க்கட்டும்.

வா மகனே.

ஹிக்மத்துக்கும் அசோமுக்கும் தாய்,
ஜுலைகோ